மாதத்துக்கு 43 நிமிடம்

43 நிமிடம் 12 நொடி. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டால், 99.9 சதவீத நேரம் ஓடிக்கொண்டிருப்போம் என்று வாக்குக் கொடுத்த ஒரு மென்பொருள் சேவை, அந்த மாதத்தில் படுத்துக்கிடக்க அனுமதி உள்ள நேரம் இவ்வளவுதான். இன்னொரு ஒன்பதைச் சேர்த்து 99.99 என்றால் 4 நிமிடம் 19 நொடி. அதற்கும் மேல் ஒன்று சேர்த்தால் 26 நொடி. எங்கள் தொழிலில் இவற்றை மூணு ஒன்பது, நாலு ஒன்பது, அஞ்சு ஒன்பது என்போம். வெளியாள் கேட்டால் ஏதோ ஜாதகம் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்.

காகிதத்தில் ஒரு இலக்கம்தான் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் விழக்கூடிய நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அதற்கு இன்னொரு ஊரில் இன்னொரு டேட்டா சென்டர் வேண்டும், ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி எடுத்துக்கொள்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த ஒன்பதை டைப் செய்ய மட்டும் அரை நொடி போதும்.

இந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் எஸ்எல்ஏ. சேவைத்தர ஒப்பந்தம் என்று தமிழில் சொல்லலாம், ஆபீசில் யாரும் சொல்வதில்லை. அதன் தம்பி எஸ்எல்ஓ: வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கோடு. வெளியே 99.9 என்று எழுதிக்கொடுத்தால் உள்ளே 99.95-ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் வெளிக்கோட்டை மிதிக்காமல் இருக்கலாம். கூகுள்காரர்கள் 2016-இல் தங்கள் எஸ்ஆர்இ புத்தகத்தை வெளியிட்ட பிறகு இந்தச் சொற்கள் எல்லா ஆபீஸ்களுக்கும் வந்தன. அந்த 43 நிமிடத்தை அவர்கள் 'எரர் பட்ஜெட்' என்றார்கள். மாதச் சம்பளம் மாதிரி. கையில் இருந்தால் புதுசாக எதையாவது முயன்று பார்க்கலாம். தீர்ந்துபோனால் அடுத்த மாதம்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. கூகுளுக்குள் சப்பி என்று ஒரு சேவை. நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, இப்போது பூட்டு யார் கையில், யார் தலைவர் என்று பஞ்சாயத்துப் பண்ணிவைப்பது அதன் பொறுப்பு. அது அபூர்வமாகத்தான் விழுந்தது. விழாததே பிரச்சினையாகிவிட்டது. மற்ற டீம்கள் எல்லாம் அது விழவே விழாது என்று நம்பி அதன் தலைமேல் கட்டடம் எழுப்ப ஆரம்பித்தன. அதனால் அது எப்போதாவது விழுந்தபோது சம்பந்தமே இல்லாத சேவைகள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. தீர்வு என்ன தெரியுமா? ஒரு காலாண்டில் அது தன் இலக்கைவிட நன்றாக ஓடிவிட்டால், அவர்களே வேண்டுமென்று கொஞ்ச நேரம் இறக்கிவிடுவார்கள். சொன்ன அளவுக்கு நம்பு, அதற்கு மேல் நம்பாதே என்று மற்றவர்களுக்குப் பழக்கப்படுத்த.

இதை ஒரு மேனேஜரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

எஸ்எல்ஏ-வை மீறினால் என்ன ஆகும் என்று பொதுவாக யாரும் படித்துப் பார்ப்பதில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நாலு மணி நேரத்துக்கும் மேல் தடுமாறியது. பில்லிங் பகுதியில் ஏதோ மெதுவாக இருக்கிறது என்று சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், சில சர்வர்களை எடுத்துவிட ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஒரு மதிப்பு தவறாக விழுந்து, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் போய்விட்டன. இணையத்தின் பாதி அன்றைக்கு நொண்டியது. இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று: எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காட்டும் அமேசானின் நிலவரப் பலகையையே மாற்ற முடியவில்லை. அந்தப் பலகையே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. வீடு எரியும்போது விளக்குகள் பச்சையாகவே இருந்தன.

இந்த மாதிரி ஒப்பந்தங்களில் 99.9-க்குக் கீழே போனால், அந்த மாத பில்லில் 10 சதவீதம் 'சர்வீஸ் கிரெடிட்' என்று திருப்பித் தருவார்கள். பணமாக இல்லை, அடுத்த பில்லில் கழிவாக. அதையும் நாமே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கடை நாலு மணி நேரம் பூட்டிக் கிடந்ததால் எவ்வளவு வியாபாரம் போனது என்பது அவர்கள் கணக்கில் வராது. வாடகைச் சைக்கிள் பஞ்சராகி ரயிலைத் தவறவிட்டவனுக்குச் சைக்கிள் வாடகையில் பத்து சதவீதம் தள்ளுபடி.

சரி, மறுபக்கத்துக்கு வருகிறேன். அந்த நாலு நிமிடம் 19 நொடியைக் காப்பாற்றுகிறவன் யார்?

ஆன்-கால் என்ற வாரம் ஒன்று எங்களுக்கு முறை வைத்து வரும். அந்த வாரம் முழுக்க லேப்டாப் பை நம் உடம்பின் ஓர் உறுப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் பையை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். சினிமாவுக்குப் போனால் ஓரத்து சீட். இரவு போன் தலைமாட்டில், அதுவும் முழு சத்தத்தில். அந்த அலாரம் ஓசையை யாராவது பேருந்தில் ரிங்டோனாக வைத்திருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சேவை விழுந்ததும் கண்காணிப்பு நிரல் உடனே கூப்பிடாது. ஒரு தடவை சறுக்கியதற்கெல்லாம் எழுப்பினால் ஆள் செத்துவிடுவான் என்பதால், ஒன்றிரண்டு நிமிடம் தொடர்ந்து மோசமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடும். போன் அடிக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு எது கனவு எது போன் என்று பிரித்தறியக் கொஞ்ச நேரம். லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் போட்டு, ஓடிபி அடித்து, எந்த கிராஃப் சரிந்திருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் அந்த மாதத்துக்கான 4 நிமிடம் 19 நொடி முடிந்திருக்கும். இன்னும் ஒரு கட்டளைகூட அடித்திருக்க மாட்டோம். அதாவது நாலு ஒன்பது என்பது மனிதனை எழுப்பிச் சரிசெய்கிற தரம் கிடையாது. இயந்திரம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டால்தான் உண்டு. மனிதனைத் தலைமாட்டில் போனோடு படுக்கவைத்துவிட்டு நாலு ஒன்பது என்று எழுதிக்கொடுப்பவர்கள், ஒன்று கணக்குப் போடவில்லை, இல்லை போட்டும் சொல்லவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள். பணப் பரிமாற்றம் சம்பந்தப்பட்ட சேவை. ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டார், விற்பனைக் குழு சரி என்றது, எங்களுக்கு மின்னஞ்சலில் தெரிந்தது. எங்கள் சேவை ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கீழே பத்துப் பன்னிரண்டு சேவைகளைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 என்றே வைத்துக்கொள்வோம். பத்தும் தனித்தனியாக விழும் என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் வாய்ப்பு 99 சதவீதம்தான். மாதத்துக்கு ஏழு மணி நேரம் ஏதாவது ஒன்று படுத்திருக்கும். லீடிடம் போய்க் கேட்டேன்.

"ஜி, நமக்குக் கீழ இருக்கிற எதுவுமே நாலு ஒன்பது இல்லையே. நாம மட்டும் எப்படி?"

"கீழ விழுந்தா அது நம்ம கணக்குல வராதுப்பா. நாலாம் பக்கத்துல விதிவிலக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, படி."

படித்தேன். மூன்றாம் தரப்பின் கோளாறு கணக்கில் சேராது. முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு சேராது. தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக விழுந்தால் அது விழுந்ததாகவே சேராது. எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சியது நாலு ஒன்பதுக்குப் பொருந்தித்தான் வந்தது. ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை. ஆனால் விதிவிலக்கிலேயே விழுந்தாலும் போன் அடிக்கும், எழுந்திரிப்பவன் எழுந்திரிக்க வேண்டும். நாலாம் பக்கம் அவனுக்குப் பொருந்தாது. அந்த வருடம் எங்கள் டீமில் மூன்று பேர் வேலையை விட்டார்கள், அதில் ஒருவன் இப்போது பொள்ளாச்சிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். கோழியும் ராத்திரியில் எழுப்பும், ஆனால் காரணத்தோடு எழுப்பும் என்கிறான்.

ஓடுகிறதா இல்லையா என்பது எளிய கேள்வி. எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதுதான் வாழ்க்கையில் அதிகம் படுத்துவது. இங்கேதான் சராசரி என்ற பெரிய ஏமாற்று வருகிறது. அமேசான் 2007-இல் டைனமோ என்ற தங்கள் தரவுத்தளத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதியது. அதில் தரத்தைச் சராசரியில் அளக்க மாட்டோம், 99.9-ஆம் சதமானத்தில் அளப்போம் என்றார்கள். ஆயிரம் கோரிக்கைகளை வேகப்படி வரிசையாக நிறுத்தினால், கடைசியில் நிற்கும் ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று அர்த்தம். உதாரணமாக அவர்கள் சொன்னது: நொடிக்கு 500 கோரிக்கைகள் வரும் உச்ச நேரத்திலும் 99.9 சதவீதத்துக்கு 300 மில்லி நொடிக்குள் பதில்.

ஏன் அந்தக் கடைசி ஆள்மேல் இவ்வளவு அக்கறை? அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. நீண்ட நாளாக நிறைய வாங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்குத்தான் பழைய கணக்கு நிறைய இருக்கும். அதையெல்லாம் புரட்டுவதால் அவருக்குத்தான் பக்கம் மெதுவாகத் திறக்கும். சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தால், நேற்று வந்தவர் வேகமாகப் பொருள் பார்ப்பார், பத்து வருடப் பழக்கமுள்ளவர் காத்திருப்பார், கிராஃப் அழகாக இருக்கும்.

இதை ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். ஒரு சர்வர் வழக்கமாக 10 மில்லி நொடியில் பதில் சொல்கிறது, நூற்றில் ஒரு தடவை மட்டும் ஒரு நொடி எடுக்கிறது. பரவாயில்லைதானே? ஆனால் ஒரு தேடலுக்கு இப்படி நூறு சர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்டு, எல்லோரும் சொன்ன பிறகுதான் விடையைக் காட்ட முடியும் என்றால், நூறு தேடலில் 63 தேடல் ஒரு நொடிக்கு மேல் ஆகும். நூறு பேரும் உட்கார்ந்த பிறகுதான் பந்தி பரிமாறுவேன் என்கிற கல்யாண வீடு. ஒவ்வொருவரும் பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறவர்தான். ஆனாலும் பந்தி பெரும்பாலும் தாமதம்.

அவர்கள் சொன்ன தந்திரங்களில் ஒன்று: ஒரு சர்வர் கொஞ்ச நேரத்தில் பதில் தரவில்லை என்றால், அதே கேள்வியை இன்னொரு சர்வரிடமும் கேள், யார் முதலில் சொல்கிறார்களோ அதை எடுத்துக்கொள். அவர்களின் ஒரு சோதனையில் 99.9-ஆம் சதமானம் 1800 மில்லி நொடியிலிருந்து 74-க்கு இறங்கியது; கூடுதலாக அனுப்பியது 2 சதவீதக் கோரிக்கைகள் மட்டுமே. அந்த 2 சதவீதம்தான் சூட்சுமம். முதலில் பொறுக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. பொறுக்காமல் எல்லோரும் எல்லாவற்றையும் ரெண்டு தடவை, மூணு தடவை கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது.

2025 மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12. மூன்று வாரத்துக்குள் மூன்று முறை யுபிஐ தடுமாறியது. ஏப்ரல் 12 சனிக்கிழமை பல மணி நேரம். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ பிறகு சொன்ன காரணம்: 'செக் டிரான்சாக்‌ஷன்' கோரிக்கைகள் வெள்ளமாக வந்தன. ஒரு பரிமாற்றம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கி கேட்கும் கேள்வி அது. சில வங்கிகள் பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. பணம் அனுப்புகிற கூட்டத்தால் மட்டும் வந்ததில்லை, 'வந்துச்சா, வந்துச்சா' என்று கேட்கிற கூட்டத்தாலும் வந்தது. மெதுவாகிறது, அதனால் கேட்கிறார்கள், கேட்பதால் இன்னும் மெதுவாகிறது, அதனால் இன்னும் கேட்கிறார்கள். முதலில் எது மெதுவாக்கியதோ அது சரியான பிறகும் இந்தச் சுழல் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பிறகு விதி வந்தது: 90 நொடி கழித்துத்தான் முதல் தடவை கேட்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் கூடாது. ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்பு பார்க்க முடியாது என்றும் வந்தது. 50 தடவை யார் பார்க்கிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். மாதக் கடைசியில் நான் பார்த்திருக்கிறேன்.

நெரிசல் ஏன் திடீரென்று கழுத்தைப் பிடிக்கிறது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909-இலேயே அழைப்புகளின் வருகையைக் கணிதமாக எழுத ஆரம்பித்துவிட்டார். வரிசைகளின் மிக எளிய மாதிரியில், பாதி நேரம் சும்மா இருக்கும் சர்வரில் ஒரு வேலை முடிய, கூட்டமே இல்லாதபோது ஆவதைப்போல 2 மடங்கு நேரம் ஆகும். 90 சதவீதம் வேலையாக இருந்தால் 10 மடங்கு. 95 என்றால் 20 மடங்கு. 90-க்கும் 95-க்கும் நடுவே ஐந்துதான் வித்தியாசம் என்று நினைக்கிறவர்கள்தான் பட்ஜெட் மீட்டிங்கில் "சர்வர் பாதி சும்மாதானே கிடக்கு, குறைச்சிரலாமா?" என்று கேட்பார்கள். அந்தச் சும்மாதான் தரம். அதை விற்றுவிட்டு எஸ்எல்ஏ-வை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இது என் அத்தைக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கம் பேருந்து நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். காலை ஏழிலிருந்து எட்டரை வரை தோசை கிடையாது. கல்லில் ஒரு தோசை வார்க்கிற நேரத்தில் நாலு பேருக்கு இட்லி கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. "தோசைன்னு நின்னா பின்னால நிக்கவன் பஸ்ஸ விட்டுருவான்லா. இட்லி இருக்கு, வேணும்னா வாங்கு, இல்லன்னா எட்டரைக்கு வா." நெரிசலில் சேவையைக் குறைத்துக்கொண்டு முழுதாக விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெரிய மாநாடுகளில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

அந்தக் கடையில் நடந்ததைத்தான் நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. எந்த வங்கி, எந்த ஆப் என்று சொல்லப்போவதில்லை, எல்லாரிடமும் நடக்கக்கூடியது. தென்காசி பஸ்ஸுக்குப் போகிற ஒருவர் 85 ரூபாய்க்குப் பார்சல் வாங்கி ஸ்கேன் செய்திருக்கிறார். அவர் கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள். கடையில் சவுண்ட்பாக்ஸ் பேசவில்லை. பஸ் புறப்படுகிறது. அவர் போனைக் காட்டுகிறார். அத்தை அனுப்பிவிட்டாள். பணம் வரவே இல்லை.

ஊருக்குப் போயிருந்தபோது என்னிடம் கேட்டாள். "என்ன மருமவனே, நீங்கல்லாம் பாக்குத வேலதான இது? பைசா எங்க போச்சு?"

விளக்கினேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டிருக்கிறது. வாங்கியவர் கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் அவருக்கே தானாகத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு. நான் பார்த்த எல்லா எஸ்எல்ஏ-க்களிலும் இதுதான் சாதாரண மனிதன் பக்கம் நிற்பது. அவன் புகார் கொடுக்காமலே கிடைக்க வேண்டும் என்றே இருக்கிறது. அதனால் அந்த மனிதருக்குக் காசு திரும்பியிருக்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றேன்.

அத்தை மாவுக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சரி. அவன் பைசா அவனுக்கே போயிருச்சு. இட்லி?"

பரிமாற்றம் தோல்வி, பணம் திரும்பியது, கெடுவுக்குள் முடிந்தது. எங்கள் பக்கத்துக் கணக்கில் இது பச்சை. வங்கியின் கணக்கிலும் பச்சை. அந்த 0.1 சதவீதத்துக்குள் விழுந்த ஒருவரும் நஷ்டப்படவில்லை, ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர்கள்வரை. "அதுக்கு யாரும் பொறுப்பு இல்ல அத்தை" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"அந்தாளு நல்லவனாத்தான் இருப்பான். அவனுக்குப் பைசா திரும்பி வந்ததே தெரிஞ்சிருக்காது" என்றாள்.

இப்போது சவுண்ட்பாக்ஸ் பேசிய பிறகுதான் பொட்டலத்தை நீட்டுகிறாள். அது பேச நேரமானால், கடையிலிருந்தே டிரைவருக்குக் கையைக் காட்டுகிறாள். பாதிப் பேர் அவளிடம் காலையில் சாப்பிடுகிறவர்கள்தான், நிறுத்துகிறார்கள். ரெண்டு நிமிடம் பார்ப்பாள். அதற்கும் பேசவில்லை என்றால் பார்சலைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, சில்லறை இருக்கிறதா என்று கேட்பாள்.